செல் ஸ்லைடு போட முதன்முறை சென்ட்ரிஃபியூஜை ஓட்டுகிறவர்களுக்கு

திரவத்தில் செல்கள் குறைவாக இருந்தால், ஒரு சொட்டை எடுத்துப் பரப்பிவிட்டு மைக்ரோஸ்கோப்பில் தேடிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். சைட்டோசென்ட்ரிஃபியூஜ் என்ற சுழலும் கருவி அந்தச் செல்களை ஸ்லைடில் ஒரு சின்ன வட்டத்துக்குள் படிய வைக்கும். திரவத்தை ஃபில்டர் கார்டு உறிஞ்சிக்கொள்ளும்.

கோட், கையுறை, கண் பாதுகாப்புக் கண்ணாடி மூன்றும் வேண்டும். ரோட்டாரில் (கருவிக்குள் சுழலும் பகுதி) விரிசலோ பழைய கசிவோ இருக்கிறதா என்று பாருங்கள். உடைந்த கண்ணாடி கிடக்கலாம் என்பதால் விரலை விட்டுத் துழாவ வேண்டாம்.

ஸ்லைடில் மாதிரி எண்ணைப் பென்சிலால் எழுதுங்கள். பேனா மை ஆல்கஹாலில் கரைந்துவிடும். கிளிப்பில் ஸ்லைடு, அதன் மேல் ஃபில்டர் கார்டு, அதன் மேல் ஃபனல் (மாதிரியை விடும் புனல்). கார்டின் துளையும் ஃபனலின் வாயும் நேராகப் பொருந்த வேண்டும். கொஞ்சம் விலகினாலும் செல்கள் கார்டுக்குள் போய்விடும்.

ரோட்டாரில் வைத்தபின் 100 முதல் 200 மைக்ரோலிட்டர் மாதிரியை விடுங்கள். கலங்கலாக இருந்தால் சலைனில் (உப்புக் கரைசல்) நீர்க்கச் செய்யுங்கள். இல்லையென்றால் செல்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவியும்.

இப்போது எடைச் சமநிலை. இதில் அவசரமே கூடாது. ஒவ்வொரு ஃபனலுக்கும் நேர் எதிரில் அதே வகைக் கிளிப்பும் ஃபனலும், அதே அளவு திரவமும் இருக்க வேண்டும். மாதிரி ஒன்றுதான் என்றால் எதிரில் சலைன் வையுங்கள். 10 செ.மீ. ஆரமுள்ள ரோட்டார் 1000 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு 1000 சுற்று) சுற்றும்போது விசை புவியீர்ப்பைப் போல சுமார் 112 மடங்கு. அதாவது 1 கிராம் வித்தியாசம் 112 கிராம் போல இழுக்கும். வேகத்தை இரட்டித்தால் அந்த இழுப்பு நான்கு மடங்காகும்.

பொதுவாக 500 முதல் 1000 ஆர்பிஎம், 5 நிமிடம் போதும். உங்கள் ஆய்வக நடைமுறையில் வேறு அளவு இருந்தால் அதையே பின்பற்றுங்கள். அதிக வேகம் செல்களைச் சிதைக்கும்.

மூடியைப் பூட்டி ஓடவிட்டு, முழு வேகம் வரும்வரை பக்கத்திலேயே நில்லுங்கள். அதிர்வோ வித்தியாசமான சத்தமோ வந்தால் உடனே நிறுத்துங்கள். உள்ளே ஏதாவது உடைந்திருக்கும் என்று தோன்றினால் 30 நிமிடம் மூடியைத் திறக்காமல் விட்டுவிட்டு, பொறுப்பாளரிடம் சொல்லுங்கள். காற்றில் மிதக்கும் நுண்துளிகள் அடங்க நேரம் வேண்டும். துண்டுகளை இடுக்கியால்தான் எடுக்க வேண்டும்.

ஓட்டம் முடிந்தாலும் ரோட்டார் தானாக நிற்கட்டும். கையால் பிடித்து நிறுத்தவே கூடாது. தொற்று மாதிரி என்றால் மூடிய ரோட்டாரை அப்படியே உயிரியல் பாதுகாப்புப் பெட்டிக்குள் (கிருமி வெளியேறாதபடி காற்றை வடிகட்டும் பெட்டி) கொண்டுபோய்த் திறங்கள்.

ஃபனலையும் கார்டையும் சேர்த்து, ஸ்லைடில் உரசாமல் நேராகத் தூக்குங்கள். செல்களுக்கு நிறமேற்றும் பாப் சாயத்துக்கு என்றால் ஸ்லைடு காயும் முன்பே 95% எத்தனாலில் போட வேண்டும். கீம்சா என்ற இன்னொரு சாயத்துக்கு நேர்மாறு: காற்றில் நன்றாகக் காயவிட வேண்டும். இதை மாற்றிச் செய்துவிட்டால் முழுதாகச் சரிசெய்வது கடினம், அதனால் எந்தச் சாயம் என்பதை ஓட்டுவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

பயன்படுத்திய கார்டும் ஃபனலும் உயிர்க்கழிவுத் தொட்டிக்கு. ரோட்டாரைக் கையேட்டில் சொன்ன கிருமிநாசினியால் துடையுங்கள். ப்ளீச் உலோகத்தை அரிக்கும். மூடியைத் திறந்து வைத்தால் உள்ளே ஈரம் தங்காது.