நோட்ஸில் இல்லாத கேள்வி

எதிர்மறை வலுவூட்டல் என்றால் என்ன என்று இன்டர்னல் தேர்வில் கேட்டேன். 42 பேரில் முக்கால்வாசிப் பேர் வரி பிசகாமல் எழுதியிருந்தார்கள். அடுத்த வாரம், மார்க் கிடையாது என்று சொல்லிவிட்டு வேறொன்று கொடுத்தேன்:

'பாம்பனில் ஒரு வீடு. வலையில் சிக்கெடுக்கச் சொல்லி அம்மா மகனைத் திட்டிக்கொண்டே இருக்கிறார். அவன் உட்கார்ந்து எடுத்ததும் திட்டு நின்றுவிடுகிறது. மறுநாள் அம்மா வாயைத் திறந்ததுமே வலையைக் கையில் எடுத்துவிடுகிறான். யாருடைய நடத்தை கூடியது? எதனால்?'

ஏழு பேர்தான் தேறினார்கள். மற்ற எல்லோரும் 'தண்டனை' என்று எழுதிவிட்டார்கள்.

பி.எஸ்சி. உளவியலில் கற்றல் விளைவை, அதாவது பாடம் முடிந்ததும் மாணவரால் என்ன செய்ய முடிகிறது என்பதை, அளக்கப்போகிறவர்கள் இங்கிருந்து தொடங்கலாம். முதலில் 'மாணவர் புரிந்துகொள்வார்' என்ற வரியைப் பாடக் கோப்பிலிருந்து அடியுங்கள். புரிந்துகொண்டதை நீங்கள் எப்படிப் பார்ப்பீர்கள்? 'புதிய சூழலில் வலுவூட்டலையும் தண்டனையையும் பிரித்துக் காட்டுவார்' என்று எழுதினால் அளக்க முடியும். கற்றலை மனப்பாடத்திலிருந்து மேலே படிப்படியாக அடுக்கும் புளூமின் வகைப்பாடு 1956-லேயே வந்துவிட்டது, 2001-ல் திருத்தவும் செய்தார்கள். நாம் இன்னும் அதை கல்லூரிக்குத் தரம் போடும் நாக் (NAAC) குழு வரும்போது ஒட்டும் அட்டவணையாகவே வைத்திருக்கிறோம். 60 சதவீதத்தைத் தாண்டியவர்கள் எத்தனை பேர் என்று எண்ணுவது கணக்குக்குச் சரி. ஆனால் கேள்வியே மனப்பாடத்தைக் கேட்டால், எண்ணியதும் மனப்பாடத்தைத்தான்.

கேள்வி தயாரிக்கும்போது இரண்டு விஷயம் கவனியுங்கள். கதை பிள்ளைகளுக்குத் தெரிந்த கரையில் நடக்க வேண்டும். பாடச்சொல் அதில் ஓரிடத்திலும் வரக்கூடாது. வலைக் கதையில் மகனுக்கு எதிர்மறை வலுவூட்டல்: தொல்லை நின்றதால் சிக்கெடுப்பது கூடியது; தண்டனை என்றால் நடத்தை குறைந்திருக்கும். அதோடு முடியவில்லை. திட்டினால் வேலை நடக்கிறது என்று அம்மாவும் கற்றுக்கொண்டார்; அவர் திட்டுவதும் வலுப்பட்டது. இதையும் பிடித்தவருக்கு 4, மகனைக் காரணத்தோடு சொன்னவருக்கு 3, பெயர் மட்டும் சரி என்றால் 2, பெயர் தவறு ஆனால் நடத்தை கூடியதைக் கண்டிருந்தால் 1. இந்த அளவுகோலைத் தாளைத் திருத்துவதற்கு முன்பே எழுதிவிடுங்கள். தாளைப் பார்த்துவிட்டு எழுதினால் நம் மனம் இளகிவிடும்.

ஆராய்ச்சி முறைப் பாடத்தில், சேர்ந்து நடப்பது வேறு, காரணம் வேறு என்பதைப் பார்க்க நுங்கு. 'ஏப்ரல், மே மாதங்களில் நுங்கு விற்பனை ஏறுகிறது, விசைப்படகு மீன்வரத்து விழுகிறது. நுங்கு மீனை விரட்டுகிறதா?' எல்லோரும் சிரிப்பார்கள். ஆனால் கோடை நுங்கைக் கொண்டுவருகிறது, ஏப்ரல் 15-லிருந்து 61 நாள் தடைக்காலம் படகைக் கட்டிப்போடுகிறது, இரண்டும் ஒரே மாதங்களில் விழுகின்றன என்று எழுதிக்காட்டச் சொன்னால் பேனா நின்றுவிடும்.

தமிழில் எழுத விடுங்கள். ஆங்கிலத்தில் தவறினால், தவறியது கருத்தா மொழியா என்று உங்களுக்கே தெரியாது.

அப்புறம், பெயரை மடித்து மறைத்துவிட்டுத் திருத்துங்கள். ஒருவரிடம் ஒரு நல்ல குணத்தைக் கண்டால் மற்றதையும் நல்லதாகவே மதிப்பிடும் ஒளிவட்ட விளைவைப் பற்றி உளவியலாளர் தார்ன்டைக் எழுதியது 1920-ல். அதை வகுப்பில் நடத்திவிட்டு முதல் பெஞ்சுப் பெண்ணுக்கு ஒரு மார்க் கூடுதலாகப் போடுகிறவர்கள் நாம்தான். பத்துத் தாளைச் சக ஆசிரியரிடம் கொடுங்கள். இருவர் மதிப்பீடும் எவ்வளவு ஒத்துப்போகிறது என்று காட்டும் கப்பா கணக்கெல்லாம் போட வேண்டாம், ஒரு மார்க்குக்கு மேல் விலகும் தாள்களை எடுத்து வைத்து ஏன் என்று பேசினாலே அளவுகோலின் ஓட்டை தெரிந்துவிடும்.

அறநெறியை எழுத்துத் தேர்வில் அளக்க முடியாது என்பது என் கட்சி. ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 அன்று சங்கிலியில் கிடந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் இறந்தார்கள். 2017 மனநலச் சட்டம் சங்கிலியைத் தடை செய்கிறது. இதை எல்லோரும் எழுதிவிடுவார்கள். நான் கொடுப்பது வேறு வேலை: பாம்பன் பக்கம் சின்னப்பாலத்தில் கடல்பாசி எடுக்கும் ஒரு அக்காவைப் பேட்டி காண, அவருக்குப் புரியும் தமிழில் ஒப்புதல் படிவம் எழுத வேண்டும். 'எப்போது வேண்டுமானாலும் நிறுத்திக்கொள்ளலாம்' என்ற வரி இல்லாவிட்டால் திருப்பிக் கொடுத்துவிடுவேன்.

செமஸ்டர் முடிவில் 'புரிந்ததா' என்று கேட்கும் படிவத்தைப் பெரிதாக நம்பாதீர்கள். எல்லோரும் ஐந்தில்தான் டிக் அடிப்பார்கள். விடுமுறை முடிந்து வந்ததும், சொல்லாமல் கொள்ளாமல், வேறு கதையில் அதே கருத்தைக் கேளுங்கள். ஜூன் 15-ஐ மட்டும் தவிர்த்துவிடுங்கள். தடை முடிந்து படகு இறங்கும் நாள். கடற்கரைப் பிள்ளைகள் பலர் வர மாட்டார்கள்.