சேத்துல ஃபோர் வீல் டிரைவ் ஓட்டுறப்ப பண்ணக்கூடாத தப்புங்க

2018 நவம்பர் 16 விடியக்காலைல கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறுச்சு இல்லையா, அதுக்கு மூணு நாலு நாள் கழிச்சு தலைஞாயிறு தாண்டி உள்ள ஒரு ஊருக்கு ஜீப்புல தண்ணி கேன் ஏத்திக்கிட்டுப் போனோம். எதிர்ல லாரி வந்துச்சு, வழி விடலாம்னு இடது பக்கம் ஒதுங்குனேன், ரெண்டு சக்கரம் தார் ரோட்ட விட்டு இறங்குச்சு, வண்டி நின்னுருச்சு. அப்ப டயர் அரை சாண்தான் உள்ள போயிருந்தது. நான் ஃபோர் லோ, அதாவது நாலு சக்கரத்துக்கும் பலம் போற மெதுவான கியர போட்டு ஆக்ஸிலேட்டர அழுத்துனேன், நகரல, இன்னும் அழுத்துனேன், பின் டயர் சேத்த வாரி வாரி அடிக்குது, பத்து எண்ணுற நேரம்தான் இருக்கும், ஜீப்போட வயிறு தரையில போய் உக்காந்துருச்சு. ஓரமா நின்ன ஒரு பெரியவர் "தம்பி கால எடுப்பா, நீயே குழி தோண்டிக்கிட்டு இருக்க"ன்னு சத்தம் போட்டார்.

அந்தப் பத்து எண்ணுற நேரத்தப் பத்திதான் முதல்ல சொல்லணும், ஏன்னா டெல்டாவுல ஐப்பசி கார்த்திகைல மாட்டுற வண்டிங்கள்ல பாதிக்கு மேல நின்ன இடத்துல நின்னிருந்தா ரிவர்ஸ்லயே வெளிய வந்திருக்கும்னு நான் உறுதியா நம்புறேன். டயர் சுத்துது, வண்டி நகரலன்னா டயரு கீழ இருக்கிற மண்ண எடுத்து பின்னாடி போடுதுன்னு அர்த்தம், வேற ஒண்ணும் நடக்கல. போர் போடுற மாதிரி நேரா கீழதான் இறங்கும். கொஞ்ச நேரத்துல சேஸிஸ், ஆக்ஸில் எல்லாம் சேத்து மேல உக்காந்துரும், வண்டியோட எடைய இப்ப சேறு தாங்குது, சக்கரம் மேல எடையே இல்ல, எடை இல்லாத சக்கரத்துக்கு பிடிமானம் எங்கருந்து வரும்? அதனால டயர் சும்மா சுத்துதுன்னு தெரிஞ்ச நொடியே கால எடுத்துருங்க. ஸ்டியரிங்க நேராக்குங்க, ரிவர்ஸ் போட்டு, வந்த தடத்துலயே மெதுவா பின்னாடி வாங்க, அந்தத் தடம் ஏற்கனவே நம்ம வண்டி மிதிச்சு இறுகின மண்ணு. ரெண்டு அடி வந்தாலும் போதும், அந்த ரெண்டு அடி ஓட்டத்த வச்சு மறுபடி முன்னாடி போயி பாக்கலாம். ரிவர்ஸ்லயும் சுத்துச்சுன்னா இறங்கி மம்பட்டிய எடுக்கணும், அதுக்கு மேல எஞ்சினால ஆகப்போறது ஒண்ணும் இல்ல.

அடுத்த தப்பு ஃபோர் பை ஃபோர்னா நாலு சக்கரமும் எப்பவும் தள்ளும்னு நினைக்கிறது. ஆக்ஸில் நடுவுல ரெண்டு சக்கரத்துக்கும் பலத்த பிரிச்சு விடுற கியருதான் டிஃபரன்ஷியல். சாதாரண டிஃபரன்ஷியல் இருக்கிற வண்டில, ஒரு ஆக்ஸில்ல இடது சக்கரம் வழுவழுன்னு சேத்துல சுத்துனா வலது சக்கரத்துக்கும் அதே அளவு பலம்தான் போகும், அதாவது கிட்டத்தட்ட ஒண்ணுமே போகாது. அதனாலதான் ஃபோர் வீல் போட்டும் முன்னாடி ஒண்ணு பின்னாடி ஒண்ணு சுத்திக்கிட்டு மத்த ரெண்டும் சும்மா நிக்கிறத பாக்குறோம். ரெண்டு சக்கரத்தையும் ஒண்ணா சுத்துற மாதிரி பூட்டுற டிஃப் லாக் இருந்தா கதை வேற. ஃபோர்ஸ் கூர்க்காவுல முன்னாடி பின்னாடி ரெண்டுக்கும் நாமளே போடுற லாக் இருக்கு, மஹிந்திரா தார் ஜீப்புல சில மாடல்ல பின் ஆக்ஸில்ல ரெண்டு சக்கரத்தோட வேகமும் ரொம்ப வித்தியாசப்பட்டா தானா பிடிக்கிற லாக் வருது. உங்க வண்டில என்ன இருக்கு, எப்ப பிடிக்கும், எப்ப விடும்னு வீட்டு வாசல்லயே மேனுவல படிச்சு வச்சுக்கங்க, சேத்துக்குள்ள நின்னுக்கிட்டு கத்துக்க முடியாது. அதே மாதிரி ஃபோர் லோ போடுறதும் வெளிய கெட்டித் தரையிலேயே முடிஞ்சிருக்கணும், வண்டிய நிறுத்தி நியூட்ரல்ல போட வேண்டிய கியர் அது, உள்ள போயி நின்னதுக்கு அப்புறம் போடுறது நான் தலைஞாயிறுல பண்ண அதே தப்பு. டிராக்‌ஷன் கன்ட்ரோல் பட்டன் இருந்தா ஆழமான சேத்துக்கு முன்னாடி ஆஃப் பண்ணிருங்க, டயர் கொஞ்சம் வழுக்குனாலே அது எஞ்சின் பவர குறைச்சுரும், சேத்துக்கு நடுவுல ஓட்டம் செத்துரும். சேறு தாண்டி தார் ரோடு ஏறுனதும் மறுபடி டூ ஹைக்கு, அதாவது ரெண்டு சக்கரம் மட்டும் தள்ளுற சாதாரண ஓட்டத்துக்கு மாத்திருங்க, ஏன்னா நம்ம ஊரு ஜீப்புங்கள்ல முக்காவாசி வேணுங்கிறப்ப மட்டும் ஃபோர் வீல் போடுற பார்ட் டைம் வகை, கெட்டி ரோட்டுல ஃபோர் வீல்ல திருப்புனா உள்ள கியரெல்லாம் முறுக்கிக்கும்.

இப்ப மண்ணுக்கு வருவோம், இதுதான் எனக்குப் பெரிய விஷயமா தெரியுது, ஏன்னா வெளியூர் வீடியோவ பாத்துட்டு எல்லா சேத்தையும் ஒரே மாதிரி ஓட்டுறாங்க. நம்ம பக்கத்துலயே எத்தனை விதம் பாருங்க. வல்லம் பக்கம் செம்மண்ணு, மழை பெஞ்சா மேல சோப்பு தடவுன மாதிரி இருக்கும், ஆனா அடியில கெட்டி. கொள்ளிடம் படுகைல மணல். மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி பக்கம் களி, ஒட்டுனா விடாது, டயர் பட்டனுக்கு நடுவுல அப்பிக்கிட்டு டயர மொழுக் கட்டையா ஆக்கிரும். வேதாரண்யம், முத்துப்பேட்டை பக்கம் கடலோர சதுப்பு, மேல காஞ்சு வெள்ளையா உப்பு பூத்து கெட்டித் தரை மாதிரி காட்டும், காலு வச்சா உளை.

மேல வழுக்கி அடியில கெட்டியா இருக்கிற பாதையில வேகம் வேண்டாம், ஃபோர் ஹை, அதாவது நாலு சக்கரமும் சாதாரண வேகத்துல தள்ளுற கியர போட்டு ரெண்டாவது மூணாவது கியர்ல உருட்டிக்கிட்டே போங்க, பிரேக்க தொட்டா வண்டி பக்கவாட்டுல நழுவும். ஆழமான களியில கொஞ்சம் ஓட்டம் வேணும், ஃபோர் லோவுல ரெண்டாவதோ மூணாவதோ கியர போட்டு ஒரே சீரா மிதிக்கணும், நடுவுல கியர் மாத்த கிளட்ச அமுக்குனா அந்த அரை நொடியிலேயே வண்டி நின்னுரும். வேகம் குறையுற மாதிரி இருந்தா ஸ்டியரிங்க லேசா இடது வலதுன்னு ஆட்டிக்கிட்டே போங்க, முன் டயரோட ஓரம் புது மண்ண கடிக்கும். முழுசா ஒடிச்சு திருப்பிறாதீங்க, திரும்புன டயரு தடுப்பு போட்ட மாதிரி சேத்த முட்டிக்கிட்டு நிக்கும்.

உளையில ஓட்டுற முறைன்னு ஒண்ணும் கிடையாது, அங்க போகக்கூடாது. எப்படித் தெரிஞ்சுக்கிறது? செருப்ப கழட்டிட்டு நடந்து பாருங்க. சேறுபட்டா என்ன, கழுவிக்கலாம். கணுக்கால் வரைக்கும் போயி அடியில குதிகாலுக்கு கெட்டியா தட்டுச்சுன்னா வண்டி போகும். முழங்கால் வரைக்கும் போயும் அடி தட்டலன்னா வண்டிய திருப்பிக்கிட்டு வேற வழி பாருங்க. தார் ஜீப்புல கிரவுண்ட் கிளியரன்ஸ், அதாவது வண்டி வயித்துக்கும் தரைக்கும் நடுவுல உள்ள இடைவெளி, 226 மில்லி மீட்டர், ஏறக்குறைய ஒரு சாண், அதுக்கு மேல சேறு இருந்தா ஆக்ஸில் சேத்த உழுதுக்கிட்டுதான் போகணும். 650 மில்லி மீட்டர் தண்ணிக்குள்ள போகும்னு சொல்றாங்களே, அது கெட்டித் தரை மேல நிக்கிற தண்ணிக்கான கணக்கு, சேத்துக்கு இல்ல. அங்கன ஆடு மேய்க்கிறவங்க, வாத்து மேய்க்கிறவங்க யாராவது இருந்தா கேளுங்க, எந்த இடம் வாங்கும் எந்த இடம் தாங்கும்னு அவங்க காலுக்குத் தெரியும்.

டயர் காத்த குறைக்க மாட்டேங்கிறாங்க, இது அடுத்தது. அறுப்பு நேரத்துல வயல் ஈரமா இருந்தா டயர் மிஷின வேண்டாம்னு சொல்லிட்டு கூட காசு கொடுத்தாவது பெல்ட் மிஷினுக்கு அலையிறோம்ல, எதுக்கு? பெல்ட்டு எடைய பரப்பி வைக்கும், அதனால அமுங்காது. காத்த குறைச்சா டயரும் அதே மாதிரி கொஞ்சம் நீளமா தரையில படுக்கும். 32 பிஎஸ்ஐ இருக்கிற டயர 20க்கு இறக்குனாலே வித்தியாசம் தெரியும். 15க்கு கீழ மட்டும் போகாதீங்க, திருப்பும்போது டயர் ரிம்ம விட்டு கழண்டுரும். திரும்ப காத்தடிக்க சின்ன கம்ப்ரஸர் ஒண்ணு வண்டிலேயே கெடக்கட்டும், 20 பிஎஸ்ஐல தஞ்சாவூர் ரோட்டுல எம்பதுல போனா டயரோட பக்கச் சுவரு சூடாகி போயிரும்.

டிராக்டர் போன தடத்துலயே போகலாம்னு நினைக்கிறதும் தப்புதான். நடவுக்கு வயல சேறாக்கி தொழி அடிக்கிற டிராக்டருக்கு கூண்டு மாதிரி இருக்கிற இரும்பு கேஜ் வீலு, பெரிய சக்கரம், வயிறு உசரம், அது வருசா வருசம் உழுது இறுகிக் கெடக்கிற அடித்தட்டு வரைக்கும் இறங்கி அது மேல நடக்கும். நம்ம வண்டி அந்தத் தடத்துல இறங்குனா ரெண்டு தடத்துக்கும் நடுவுல இருக்கிற மேடு போயி பின் ஆக்ஸில் நடுவுல உருண்டையா இருக்கிற கிரவுன்ல முட்டும். ஒரு பக்க சக்கரத்த நடு மேட்டுலயும் இன்னொரு பக்கத்த தடத்துக்கு வெளியிலயும் வச்சு ஓட்டுங்க. ஆனா வாய்க்கால் கரையா இருந்தா ஓரம் போகவே கூடாது. வழக்கமா ஜூன் 12 வாக்குல மேட்டூர் அணை திறந்து தண்ணி வந்ததுல இருந்து கரை உள்ளுக்குள்ள ஊறிக்கிட்டே இருக்கும், அதோட வடகிழக்குப் பருவமழையும் சேந்தா ஓரம் பாக்க புல்லு மூடி நல்லா இருக்கும், ஒண்ணரை டன்னு வண்டி ஏறுனா அப்படியே பொத்துன்னு சரிஞ்சு வண்டிய வாய்க்காலுக்குள்ள படுக்க வச்சுரும். எதிர்ல வண்டி வந்தா ஒதுங்காதீங்க, ரிவர்ஸ்ல போயி அகலமான இடத்துல வழி விடுங்க. அப்புறம் நட்ட வயல்ல எந்தக் காரணத்துக்கும் இறங்காதீங்க, அது ஒருத்தரோட ஆறு மாச சோறு.

சரி, மாட்டிக்கிச்சு, எடுக்கணும். தலைஞாயிறுல என்ன பண்ணோம்னா, முதல்ல தண்ணி கேனெல்லாம் இறக்குனோம், 20 லிட்டர் கேன் 30 இருந்தது, அதுவே 600 கிலோ, அத மேல வச்சுக்கிட்டே நான் அழுத்திக்கிட்டு இருந்திருக்கேன். அப்புறம் சக்கரத்துக்குப் பின்னாடி சேத்த சரிவா வெட்டுனோம், நேர் செவுரு மாதிரி விடாம தாழ்வாரம் மாதிரி சரிவா. வயித்துக்கு அடியில கைய விட்டு ஆக்ஸில் மேல அப்பியிருந்த களிய பேத்து எடுத்தோம், காத்து உள்ள போனதும் களி "ப்ளக்"னு ஒரு சத்தத்தோட விட்டுச்சு, அந்தப் பிடிப்பு விட்டாலே பாதி வேலை முடிஞ்ச மாதிரி. ஜாக்கிய நேரா சேத்துல வச்சா ஜாக்கிதான் கீழ போகும், அடியில அகலப் பலகை போட்டு தூக்குனோம். கஜாவுல விழுந்த தென்ன மட்டை எங்க பாத்தாலும் கெடந்துச்சு, அத குறுக்கால அடுக்கி டயருக்கு அடியில திணிச்சோம். வெறும் வைக்கோல் போட்டா டயர் அத முழுங்கிரும், மட்டை மாதிரி குறுக்கு பலம் உள்ளது வேணும். அந்தப் பெரியவர் "இப்ப லேசா, லேசா"ன்னு சொல்லிக்கிட்டே நின்னார். ரிவர்ஸ்ல கிளட்ச மெதுவா விட்டேன், மட்டை மேல ஏறி வந்துருச்சு.

டிராக்டர கூப்புட்டா கயிறு விஷயத்துல கவனமா இருங்க, உயிர் போற இடம் இது. டிரெய்லர் மாட்டுற பால்ல, பம்பர்ல, ஸ்டியரிங் ராடுல எல்லாம் கயிறு கட்டாதீங்க, அந்த பால் ஒடிஞ்சா துப்பாக்கி குண்டு மாதிரி பறக்கும். சேஸிஸ்ல இருக்கிற டோ ஹூக்குல மட்டும் மாட்டுங்க. இரும்பு சங்கிலி போட்டா வெட்டி இழுக்க விடாதீங்க, சங்கிலிக்கு நீட்சி கிடையாது, விறைப்பா ஆக்கிட்டு மெல்ல இழுக்கணும். கயித்து நடுவுல ஈரச் சாக்கு ஒண்ணு போட்டு வைங்க, அறுந்தா வீசுற வேகத்த அது கொஞ்சம் குறைக்கும். வேடிக்கை பாக்குற பசங்கள கயித்து நீளத்துக்கும் தள்ளி நிக்க வைங்க, வெக்கப்படாம சத்தம் போட்டு நிக்க வைங்க. முன்னாடி இழுக்கிறத விட வந்த பக்கமே பின்னாடி இழுக்கிறது சுலபம்.

வெளிய வந்ததும் அந்தப் பாதைல நாம பண்ணுன குழிய மம்பட்டியால மூடிட்டுப் போங்க, மறுநாள் காலைல அந்த வழியாதான் நாத்துக்கட்டு ஏத்திக்கிட்டு டூவீலர் வரும். வீட்டுக்கு வந்து அன்னிக்கே கழுவணும், களி காஞ்சா சிமெண்ட்டு. ரிம்முக்கு உள்பக்கம் ஒட்டுன களியால ரோட்டுல ஸ்டியரிங் ஆடும், நிறைய பேரு அலைன்மென்ட் போயிருச்சுன்னு ஒர்க்‌ஷாப்புக்கு ஓடுறாங்க. ரேடியேட்டர்ல எஞ்சின் பக்கத்துல இருந்து மெதுவா தண்ணி அடிச்சு கழுவுங்க, வேகமா அடிச்சா ஃபின் மடங்கிரும். ஆக்ஸில் மூழ்குற அளவு தண்ணில நின்னிருந்தா கிரவுன் ஆயில கொஞ்சம் இறக்கிப் பாருங்க, பால் காப்பி நிறத்துல இருந்துச்சுன்னா தண்ணி போயிருக்கு, அத மாத்தாம அடுத்த பயணம் கிளம்பாதீங்க.