கிராமத்துக்கு இன்டர்நெட் தருகிறோம் என்று ஓட்டுக் கேட்டு வருகிறவர்களிடம் என்ன கேட்பது?

தேர்தல் நெருங்கிவிட்டால் ஒரு கட்சி 'இத்தனை ஆயிரம் கிலோமீட்டர் கேபிள் இழுத்துவிட்டோம்' என்று சொல்லும், இன்னொரு கட்சி 'டெண்டரிலேயே ஊழல்' என்று சொல்லும், மூன்றாவது கட்சி 'நாங்கள் வந்தால் வீட்டுக்கு வீடு இலவசம்' என்று சொல்லும். டிவி விவாதத்தை எவ்வளவு நேரம் பார்த்தாலும் உங்கள் ஊருக்கு நெட் வருமா வராதா என்று தெரியாது. அதைத் தெரிந்துகொள்ள வேறு வழி இருக்கிறது, கொஞ்சம் அலைய வேண்டும், அவ்வளவுதான். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கேபிளின் நீளத்தைக் கேட்காதீர்கள், ஊரில் எத்தனை வீட்டில் நெட் ஓடுகிறது, அறுந்தால் யார் வந்து ஒட்டுவார்கள் என்ற இரண்டை மட்டும் விடாமல் கேளுங்கள். மற்ற எல்லாக் கேள்வியும் இந்த இரண்டுக்குள் வந்துவிடும்.

முதலில் ஊராட்சி அலுவலகத்துக்குப் போங்கள்

கிராம ஊராட்சிகளுக்கு ஃபைபர் (ஒளியிழை) கேபிளில் இன்டர்நெட் கொண்டுபோகும் மத்திய அரசுத் திட்டத்தின் பெயர் பாரத்நெட், அதன் கணக்கில் தமிழ்நாட்டுக்கு 12,525 கிராம ஊராட்சிகள். திட்டத்தின் இரண்டாம் கட்டத்தில் இவை எல்லாவற்றுக்கும் ஃபைபர் கொண்டுபோகும் பொறுப்பு மாநில அரசின் டான்ஃபிநெட் நிறுவனத்துடையது. அதனால் உங்கள் ஊராட்சி அலுவலகத்திலோ ஊராட்சி சேவை மையக் கட்டடத்திலோ ஒரு பெட்டி இருக்கிறதா என்று பாருங்கள். அதற்குள் மோடம் மாதிரி ஒரு கருவி இருக்கும், பெரும்பாலும் அதில் பவர், பிஓஎன், எல்ஓஎஸ் என்று சின்னச் சின்ன விளக்குகள் இருக்கும். எல்லாம் அணைந்து கிடந்தால் கரண்ட் வரவில்லை, அல்லது யூபிஎஸ் பேட்டரி செத்துவிட்டது. எல்ஓஎஸ் விளக்கு சிவப்பாக எரிந்தால் ஃபைபரில் வெளிச்சம் வரவில்லை, வழியில் எங்கோ அறுந்திருக்கிறது என்று பொருள். பவரும் பிஓஎன்னும் பச்சையாக நிலையாக எரிந்தால் ஃபைபர் வேலை செய்கிறது.

பச்சையாக எரிந்தும் ஊரில் ஒரு வீட்டுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் இணைப்பு இல்லை என்றால், அதைத்தான் அதிகம் கவனிக்க வேண்டும். அரசுக் கணக்கில் அந்த ஊராட்சி 'இணைக்கப்பட்டது' என்ற பட்டியலில் சேர்ந்திருக்கும், மேடையில் சொல்லும் எண்ணிக்கையிலும் சேர்ந்திருக்கும், ஆனால் ஊருக்குள் இருக்கிறவர்கள் பழையபடி ஃபோனில் ரீசார்ஜ் போட்டு ஒரு கோடு சிக்னலில் ஓட்டிக்கொண்டிருப்பார்கள்.

அந்தப் பெட்டியைத் தேதி தெரிகிற மாதிரி ஒரு ஃபோட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஊராட்சிச் செயலரிடம் மரியாதையாகக் கேளுங்கள்: கடைசியாக எப்போது வேலை செய்தது, கெட்டுப்போனால் எந்த எண்ணுக்குச் சொல்கிறீர்கள், சொன்னால் எத்தனை நாளில் வருகிறார்கள். செயலரைக் குற்றவாளி மாதிரி நிற்கவைத்துக் கேள்வி கேட்க வேண்டாம். பல ஊர்களில் அந்தப் பெட்டியை வைத்துவிட்டுப் போனவர்கள் அவருக்கே எதுவும் சொல்லியிருக்க மாட்டார்கள். அப்புறம் பள்ளிக்கூடம், ஆரம்ப சுகாதார நிலையம், ரேஷன் கடை, இ-சேவை மையம் என்று ஒரு சுற்று போய் அங்கெல்லாம் எந்த நெட்டில் வேலை நடக்கிறது என்று கேளுங்கள். டீச்சர் தன் சொந்த ஃபோன் ஹாட்ஸ்பாட்டில் வருகைப் பதிவு போடுகிறார் என்றால் அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

எழுத்தில் வாங்குங்கள்

பார்த்ததும் கேட்டதும் போதாது. தகவல் உரிமைச் சட்டத்தில் (ஆர்டிஐ) 10 ரூபாய்க் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி ஒரு மனு போடுங்கள், டான்ஃபிநெட் அரசு நிறுவனம் என்பதால் அதன் பொதுத் தகவல் அலுவலருக்கே நேரடியாக அனுப்பலாம். 30 நாளில் பதில் தர வேண்டும், தராவிட்டால் மேல்முறையீடு செய்யலாம். இதனால்தான் தேர்தல் தேதி அறிவிக்கும்வரை காத்திருக்காமல் முன்பே போட்டுவிடச் சொல்கிறேன், பிரசாரம் சூடாக நடக்கும்போது பதில் உங்கள் கையில் இருக்க வேண்டும்.

கேள்விகளைச் சுருக்கமாக வையுங்கள். 'திட்டத்தின் நிலை என்ன' என்று கேட்டால் 'பணி நடைபெற்று வருகிறது' என்று ஒரு வரி வரும், அதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. இப்படிக் கேளுங்கள்: எங்கள் ஊராட்சிக் கருவி எந்தத் தேதியில் முதலில் இயங்கியது? கடந்த 6 மாதத்தில் எத்தனை மணி நேரம் இயங்கவில்லை? இந்த ஊராட்சியில் கட்டணம் கட்டிப் பயன்படுத்தும் வீட்டு இணைப்புகள் எத்தனை? பராமரிப்பு ஒப்பந்தம் யாரிடம் இருக்கிறது, எந்தத் தேதி வரை, பழுதைச் சரிசெய்ய எவ்வளவு நேரம் கெடு, தாமதமானால் அபராதம் என்ன? இதுவரை அபராதம் விதிக்கப்பட்டிருக்கிறதா?

கிராம சபையிலும் இதே கேள்விகளை எழுப்பித் தீர்மானமாகப் பதியச் சொல்லுங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருடத்துக்கு 6 முறை கூட வேண்டும். தேர்ந்தெடுத்த தலைவர் இல்லாமல் தனி அலுவலர் பொறுப்பில் இருக்கும் ஊராட்சி என்றால் கேள்வியை அவரிடமே வையுங்கள்.

யார் காசு என்று தெரிந்துகொள்ளுங்கள்

'இலவசம்' என்ற சொல் வந்தவுடன் சண்டை திசைமாறிவிடும், அதனால் இது தெரிந்திருக்க வேண்டும். தொலைத்தொடர்பு நிறுவனங்கள் தங்கள் சரிக்கட்டிய மொத்த வருவாயில் (சில கழிவுகள் போக மிஞ்சுவதில்) 5 சதவீதத்தை ஒரு பொது நிதிக்குக் கட்டுகின்றன. முன்பு அதற்கு யுஎஸ்ஓ நிதி என்று பெயர், 2023 தொலைத்தொடர்புச் சட்டத்துக்குப் பிறகு டிஜிட்டல் பாரத் நிதி. அந்த நிறுவனங்களின் வருவாய் நாம் போடும் ரீசார்ஜ்தான். அதாவது ஆடு மேய்க்கிறவர் போடும் ரீசார்ஜிலிருந்தும் கிராமத்து ஃபைபருக்கு ஏற்கெனவே காசு போய்க்கொண்டிருக்கிறது. எந்தக் கட்சியும் தன் பையிலிருந்து எடுத்துத் தரவில்லை.

இந்தத் திட்டத்தின் வயதும் ஞாபகம் இருக்கட்டும். 2011 அக்டோபரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தபோது ஏறத்தாழ 2.5 லட்சம் ஊராட்சிகளையும் 2 வருடத்தில் இணைத்துவிடுவோம் என்றார்கள். முதல் 1 லட்சம் ஊராட்சிகளைத் தாண்டவே 2017 டிசம்பர் ஆகிவிட்டது. இடையில் ஆட்சி மாறியது, பெயர் பாரத்நெட் ஆனது. 2023 ஆகஸ்டில் 1,39,579 கோடி ரூபாயில் திருத்திய திட்டம் ஒன்று வந்தது. அதில் எனக்கு முக்கியமாகப் படுவது இரண்டு. பழைய அமைப்பில் கேபிள் மரக்கிளை மாதிரி போகும், ஓரிடத்தில் ஜேசிபி அறுத்தால் அதற்குப் பின்னால் இருக்கும் ஊர்கள் எல்லாம் இருட்டு. புதிய திட்டத்தில் வளையமாக இணைக்கச் சொல்லியிருக்கிறார்கள், ஒரு பக்கம் அறுந்தால் மறுபக்கத்திலிருந்து வரும். இரண்டாவது, 10 வருடப் பராமரிப்பும் ஒப்பந்தத்துக்குள்ளேயே இருக்கிறது. நாடு முழுவதும் 5 வருடத்தில் 1.5 கோடி கிராமத்து வீடுகளுக்கு இணைப்பு என்பது இலக்கு. அந்தக் கோடியில் உங்கள் ஊருக்கு எத்தனை என்று கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது.

ஊழல் புகார் வந்தால் என்ன செய்வது

தள்ளிவிடவும் கூடாது, உடனே நம்பிவிடவும் கூடாது, கடைசிவரை பின்தொடர வேண்டும். நம் மாநிலத்தில் நடந்ததையே பாருங்கள். சுமார் 1,815 கோடி ரூபாய் மதிப்பில் டான்ஃபிநெட் திட்டத்துக்கு டெண்டர் விட்டார்கள். 2020 ஏப்ரலில் டெண்டர் நிபந்தனைகள் மாற்றப்பட்டன. ஒருசில நிறுவனங்களுக்காகவே நிபந்தனைகளை வளைத்தார்கள் என்று ஊழலை எதிர்க்கும் அறப்போர் இயக்கம் புகார் கொடுத்தது, திமுகவும் கையில் எடுத்தது, அன்றைய அதிமுக அரசின் அமைச்சர் ஆர்.பி.உதயகுமார் முறைகேடே இல்லை என்றார். 2020 ஜூனில் மத்திய அரசு அந்த டெண்டரை ரத்து செய்துவிட்டுப் புதிதாக விடச் சொன்னது. தகவல் தொழில்நுட்பத் துறைச் செயலாளராக இருந்து விருப்ப ஓய்வு பெற்ற சந்தோஷ் பாபு அந்த வருடக் கடைசியில் மக்கள் நீதி மய்யத்தில் சேர்ந்தார், அதே மாதத்தில் கமல்ஹாசன் வீட்டுக்கு வீடு கம்ப்யூட்டரும் அதிவேக இன்டர்நெட்டும் என்று வாக்குறுதி கொடுத்தார். 2021 ஏப்ரலில் தேர்தல் நடந்தது, ஆட்சி மாறியது.

அந்த டெண்டர் சண்டை நடந்த அதே மாதங்களில் பள்ளிக்கூடங்கள் மூடிக் கிடந்தன. பிள்ளைகள் மொட்டை மாடியிலும் மேட்டிலும் ஏறி ஆன்லைன் வகுப்புக்கு சிக்னல் தேடினார்கள், ஸ்மார்ட்ஃபோனே இல்லாத பிள்ளைகள் கல்வித் தொலைக்காட்சியைப் பார்த்தார்கள். டெண்டரைத் தட்டிக்கேட்டது சரிதான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை, பொதுக் காசு அது. ஆனால் டெண்டரை வளைத்தாலும் சரி, அதனால் அது ரத்தானாலும் சரி, கடைசியில் நஷ்டப்படுவது அந்தப் பிள்ளைகள்தான் என்று அப்போது மேடையில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. அதனால் எந்தக் கட்சி ஊழல் என்று பேசினாலும் அடுத்த கேள்வியைக் கேளுங்கள்: சரி, நீங்கள் வந்தால் இந்த ஒப்பந்தத்தை என்ன செய்வீர்கள்? ரத்து செய்தால் எங்கள் ஊருக்கு எத்தனை மாதம் தள்ளிப்போகும்? போட்ட கேபிள் என்ன ஆகும்?

ஆஸ்திரேலியாவில் இந்தக் கேள்விக்கு நல்ல பதில் கிடைக்காமல் போனதன் விலையை மக்கள் இன்னும் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். 2009இல் தொழிற்கட்சி அரசு 90 சதவீத இடங்களுக்கு வீடு வரை ஃபைபர் என்று அறிவித்தது. 2010 தேர்தலில் யாருக்கும் பெரும்பான்மை இல்லாதபோது கிராமப்புறத் தொகுதிகளின் சுயேச்சை எம்பிக்கள் டோனி வின்ட்சரும் ராப் ஓக்‌ஷாட்டும் அந்த அரசுக்கு ஆதரவு கொடுத்ததற்கு இந்த பிராட்பேண்ட் திட்டமும் ஒரு காரணம். 2013இல் எதிர்க்கூட்டணி வந்து, செலவைக் குறைக்கிறோம் என்று பல இடங்களில் தெரு வரை ஃபைபர், அங்கிருந்து வீட்டுக்குப் பழைய செப்புக் கம்பி என்று மாற்றியது. 2020இல் அதே கூட்டணி அந்தச் செப்புக் கம்பி வீடுகளில் ஒரு பகுதிக்கு மறுபடி ஃபைபர் போட நிதி ஒதுக்கியது. மிச்சத்தை முடிக்கிறோம் என்று 2025 தேர்தலுக்கு முன்னால் தொழிற்கட்சி 300 கோடி ஆஸ்திரேலிய டாலர் அறிவித்தது. ஒரே தெருவில் இரண்டு முறை வேலை.

தேர்தல் அறிக்கையை எப்படிப் படிப்பது

வேகத்தைப் பாருங்கள். இந்தியாவில் 2023 ஜனவரியிலிருந்து 2 எம்பிபிஎஸ் இருந்தாலே அது சட்டப்படி பிராட்பேண்ட்தான். ஒரு வீட்டில் ஒருவர் வீடியோ வகுப்பு பார்க்கும்போது இன்னொருவர் ஃபோனை எடுத்தால் திணறுகிற வேகம் அது. அறிக்கையில் எண் போடாமல் வெறும் 'பிராட்பேண்ட்' என்று இருந்தால் அது வாக்குறுதியே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். 'ஊராட்சிக்கு 1 ஜிபிபிஎஸ்' என்று இருந்தாலும் கவனம், அது ஊர் மொத்தத்துக்கும் சேர்த்து, வீட்டுக்கு அல்ல.

எத்தனை பேருக்கு என்று பாருங்கள். கேரளாவில் கே-ஃபோன் திட்டம் 20 லட்சம் ஏழைக் குடும்பங்களுக்கு இலவசம் என்று பேசப்பட்டது. முதல் கட்டத்தை 2021 பிப்ரவரியில், தேர்தலுக்குக் கொஞ்சம் முன்னால் திறந்தார்கள். 2023 ஜூனில் முறைப்படி தொடங்கியபோது முதலில் எடுத்துக்கொண்டது தொகுதிக்கு 100 வீதம் 14,000 குடும்பங்கள். திட்டமே வீண் என்று நான் சொல்லவில்லை, இன்டர்நெட்டை அடிப்படை உரிமை என்று ஒரு மாநில அரசு சொன்னதே பெரிய விஷயம். ஆனால் அறிக்கையில் இருக்கும் எண்ணுக்கும் முதல் வருடத்து எண்ணுக்கும் நடுவில் இவ்வளவு தூரம் இருக்கலாம், அதனால் வருடவாரியாகக் கேளுங்கள்.

பணம் எங்கிருந்து என்று கேட்பதற்கும் ஆதாரம் இருக்கிறது. தமிழ்நாட்டின் இலவச டிவி வாக்குறுதியை எதிர்த்து நடந்த வழக்கில் 2013 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொன்னதை வைத்துத் தேர்தல் ஆணையம் வழிகாட்டுதல் கொண்டுவந்தது. வாக்குறுதியின் காரணத்தையும், அதற்கான நிதியை எப்படித் திரட்டுவோம் என்பதையும் கட்சிகள் அறிக்கையில் ஓரளவாவது காட்ட வேண்டும். பிரசாரத்துக்கு வருகிறவரிடம் இதைச் சொல்லிக் கேளுங்கள்.

இன்னொன்று. தேர்தல் நடத்தை விதிகள் அமலான பிறகு புதிய திட்டத்தை அறிவிக்கவோ அடிக்கல் நாட்டவோ முடியாது, ஆனால் ஏற்கெனவே தொடங்கிய வேலை நடக்கலாம், பழுது பார்க்கலாம். 'எலக்‌ஷன் டைம், ஒன்றும் செய்ய முடியாது' என்று அறுந்த கேபிளைத் தொங்கவிட்டுப் போனால் அதை நம்பாதீர்கள்.

'ஃபோனில்தான் நெட் வருதே, ஃபைபர் எதற்கு?'

இதை ஊர்க்காரர்களே கேட்பார்கள், வேட்பாளரும் கேட்பார். 4ஜி, 5ஜி டவருக்கும் பின்னால் நல்ல ஃபைபர் இருந்தால்தான் வேகம் வரும். டவரை எங்கே போடுவது என்பதை லாபக் கணக்கு முடிவுசெய்கிறது, 40 வீடு இருக்கும் குக்கிராமம் அந்தக் கணக்கில் வராது, அதற்காகத்தான் பொது நிதியே உருவானது. ஜவ்வாது மலை, கொல்லிமலை மாதிரி இடங்களில் எல்லாக் குடியிருப்புக்கும் கேபிள் இழுப்பது கடினம் என்று ஒரு வேட்பாளர் சொன்னால் அது நேர்மையான பதில். அங்கே வயர்லெஸ்ஸோ சாட்டிலைட்டோ வைக்கலாம், மாதக் கட்டணத்தை யார் கொடுப்பது என்று மட்டும் தெளிவாகச் சொல்லட்டும்.

நேரில் கேட்கும்போது

கூட்டத்தில் கத்திக் கேட்டால் பதில் வராது. வீடு வீடாக வரும்போது, முடிந்தால் ஊர்ப் பெண்கள் குழுவோடும் கேபிள்காரரோடும் சேர்ந்து நின்று, ஒரே தாளில் எழுதிய கேள்விகளை எல்லா வேட்பாளரிடமும் கொடுங்கள். கேபிள்காரரை நான் வேண்டுமென்றேதான் சேர்க்கச் சொல்கிறேன், ஊராட்சிக் கட்டடத்திலிருந்து வீட்டுக்கு ஒயர் இழுப்பதும் இரவு எட்டு மணிக்கு ஏணியோடு வந்து ஒட்டுவதும் பெரும்பாலும் அவராகத்தான் இருக்கும், அவருக்கு என்ன பங்கு கிடைக்கும் என்று திட்டத்தில் இல்லாவிட்டால் ஊராட்சிப் பெட்டியைத் தாண்டி நெட் வெளியே வராது.

தாளில் இவ்வளவு போதும்: எங்கள் ஊரில் முதல் வருடத்தில் எத்தனை வீட்டுக்கு, என்ன வேகத்தில், மாதம் என்ன கட்டணத்தில்? அறுந்தால் எத்தனை மணி நேரத்தில் சரியாகும், பொறுப்பு யார்? இப்போதைய ஒப்பந்தத்தைத் தொடர்வீர்களா, மாற்றுவீர்களா? பள்ளிக்கும் சுகாதார நிலையத்துக்கும் எந்த மாதத்துக்குள்? ஆர்டிஐ பதிலின் நகலையும் அந்தப் பெட்டியின் ஃபோட்டோவையும் கூடவே இணைத்துக் கொடுங்கள், அவர் சொல்லும் பதிலை எதிரிலேயே எழுதித் தேதி போடுங்கள், ஊர் வாட்ஸ்அப் குழுவில் எல்லா வேட்பாளர் பதிலையும் அடுத்தடுத்துப் போடுங்கள், பதில் சொல்லாதவர் பெயருக்கு எதிரே 'பதில் இல்லை' என்று போடுங்கள். ஜெயித்தவர் யாராக இருந்தாலும் அடுத்த கிராம சபைக்கு அந்தத் தாளை எடுத்துக்கொண்டு போங்கள்.