கொட்டாங்குச்சி கரி எவ்ளோ சாயம் பிடிக்கும்? லாங்மியூர் ஃபிட் போடுறது எப்படி

ப்ராஜெக்ட்டுக்காக ரெண்டு மாசம் இதுல முட்டி மோதினேன், இன்னொருத்தர் மோத வேணாம்னு எழுதி வெக்கறேன். கொட்டாங்குச்சில செஞ்ச ஆக்டிவேட்டட் கார்பன் (நுண்துளை நெறஞ்ச கரி), தண்ணில மெத்திலீன் ப்ளூ சாயம். ஒரு கிராம் கரி அதிகபட்சம் எத்தன மில்லிகிராம் சாயத்த பிடிக்கும்னு ஒரு நம்பர் வேணும், அவ்ளோதான். ஸ்பெக்ட்ரோமீட்டர்ல 664 நானோமீட்டர் வெளிச்சத்துல ரீடிங் எடுக்கறது, அந்த ரீடிங்க சாய அளவா மாத்தற காலிப்ரேஷன் கோடு போடுறதெல்லாம் உங்களுக்கு வரும்னு வெச்சுக்கறேன்.

ஸ்டெப் 1: ஏழெட்டு பாட்டில், எல்லாத்துலயும் ஒரே அளவு கரி, சாயம் மட்டும் கம்மில இருந்து அதிகமா. ஷேக்கர்ல போட்டுட்டு, ரீடிங் நகராம நின்னப்புறம் தண்ணில மிச்சம் இருக்கற சாயத்த அளங்க.

ஸ்டெப் 2: பிடிப்பு = (ஆரம்பம் − மிச்சம்) × லிட்டர் ÷ கிராம். 100 மில்லி தண்ணி, 0.05 கிராம் கரி, ஆரம்பம் லிட்டருக்கு 100 மில்லிகிராம், மிச்சம் 12னா பிடிப்பு 88 × 0.1 ÷ 0.05 = 176. மில்லிய லிட்டரா மாத்தாம விட்டா 1,76,000 வரும், ஒரு கிராம் கரி 176 கிராம் சாயத்த முழுங்குச்சாம்! கிராஃப்ல கிடை அச்சுல மிச்சத்த போடுங்க, ஆரம்பத்த இல்ல.

ஸ்டெப் 3: லாங்மியூர் சமன்பாடு. பிடிப்பு = உச்சம் × கே × மிச்சம் ÷ (1 + கே × மிச்சம்). உச்சம்தான் நாம தேடுற அதிகபட்ச பிடிப்பு, கேங்கறது சாயம் கரியோட எவ்ளோ இறுக்கமா ஒட்டுதுன்னு சொல்ற நம்பர். கரி மேல இடம் எல்லாம் ஒரே மாதிரி, ஒரு இடத்துல ஒரு மூலக்கூறுதான் உக்காரும்னு வெச்சுக்கிட்டு போட்டது. நெஜமான கரி அப்படி இல்ல, ஆனாலும் பல டேட்டாவுக்கு ஒத்து வருது.

நான் வழுக்கினது இங்கதான். புக்ல, சீனியர் தீசிஸ்ல எல்லாம் மிச்சம் ÷ பிடிப்புன்னு ஒரு நெடுவரிசை போட்டு, மிச்சத்துக்கு எதிரா நேர்கோடு இழுத்துடுவாங்க. லாங்மியூர் 1918ல இத எழுதினப்ப கம்ப்யூட்டரா இருந்துச்சு, கிராஃப் ஷீட்டும் ஸ்கேலும்தான், அப்போ அது சரி. நானும் இழுத்தேன், ஆர் ஸ்கொயர் (கோடு எவ்ளோ நல்லா பொருந்துதுன்னு சொல்ற நம்பர், 1னா கச்சிதம்) 0.99க்கு மேல வந்துச்சு, ஒரே குஷி. மிச்சம் ரெண்டு அச்சுலயும் உக்காந்திருக்கு, நேர்கோடு வராம என்ன பண்ணும்?

என் டேட்டால கோளாறு இருந்துச்சு, அத அந்தக் கோடு மறைச்சிடுச்சு. கரிய வடிகட்டினப்ப ஃபில்டர் பேப்பர் கிருஷ்ணர் கலர்ல இருந்துச்சு, நான் கண்டுக்கல. மெத்திலீன் ப்ளூ பேப்பர்லயும் நல்லா ஒட்டும். நெஜமா 2 மிச்சம் இருந்த பாட்டில்ல பேப்பர் பாதிய தின்னு 1னு காட்டுதுன்னு வைங்க. உச்சம் 200, கே 0.6ன்னா 1க்கு நேரா பிடிப்பு 75 இருக்கணும், ஆனா கரி நெஜமா பிடிச்ச 109ஓட பேப்பர் தின்னதும் (1 × 0.1 ÷ 0.05 = 2) சேர்ந்து உங்களுக்கு 111 வரும். ஒரிஜினல் கிராஃப்ல அது பளிச்சுனு துருத்திக்கிட்டு நிக்கும். நேர்கோட்டுல? 0.013 வர வேண்டிய எடத்துல 0.009, அச்சு 0.2 வரைக்கும் போகுது, கண்ணுக்கே தெரியாது. அதனால சென்ட்ரிஃப்யூஜ் போடுங்க, கரியே இல்லாத ஒரு பாட்டிலையும் கூடவே ஓட்டுங்க, சாயம் வேற எங்கயாவது ஒட்டுதான்னு தெரிஞ்சுடும்.

ஸ்டெப் 4: நேரா வளைகோட்டையே ஃபிட் பண்ணுங்க. எக்செல் சால்வர்லயும் முடியும், எனக்கு அது புடிக்காது, பைத்தான்ல சைபை (SciPy) லைப்ரரியோட கர்வ் ஃபிட் (curve_fit) போதும், ப்ரௌசர்லயே பைத்தான் ஓட்டற கூகுள் கோலாப்ல ஓடும், எதுவும் இன்ஸ்டால் பண்ண வேணாம். ஆரம்ப யூகம் குடுக்காம விட்டா ரெண்டையும் 1னு எடுத்துக்கும், சில சமயம் எங்கயோ போயி நிக்கும். உச்சத்துக்கு உங்க பெரிய பிடிப்ப விட கொஞ்சம் கூட, கே-க்கு 0.1, ரெண்டுமே பூஜ்யத்துக்கு கீழ போகக் கூடாதுன்னு எல்லை.

கோட் சரியான்னு பாக்க சொந்த டேட்டாவுக்கு முன்னாடி இத போடுங்க: மிச்சம் 1, 2, 5, 12, 40, பிடிப்பு 75, 109, 150, 176, 192. உச்சம் 200, கே 0.6 கிட்ட வரணும். வரலன்னா தப்பு கோட்ல, கரில இல்ல.

ஃப்ராய்ண்ட்லிஷ்னு இன்னொரு மாடல் (பிடிப்பு = கேஎஃப் × மிச்சத்தோட 1/என் அடுக்கு; கேஎஃப், என் ரெண்டும் ஃபிட்ல வர்ற நம்பர்) இருக்கு, அதையும் இதே மாதிரி ஓட்டி, ரெண்டு வளைவையும் புள்ளிங்க மேலயே வரைஞ்சு எது ஒத்துப் போகுதுன்னு கண்ணால பாருங்க.

அப்டேட்: ஒருத்தர் உச்சம் 40தான் வருதுன்னு கேட்டாங்க. விசாரிச்சா குருணை கரி, ரெண்டே மணி நேரம் ஷேக்கர். சாயம் உள் துளை வரைக்கும் போகவே இல்ல. பொடிச்சு சலிச்சு போட்டா சீக்கிரம் நிலைக்கு வரும், இல்லன்னா நாள் கணக்குல விடணும்.

இன்னொரு அப்டேட்: டிஸ்டில்ட் வாட்டர்ல எடுத்த உச்சத்த வெச்சு சாயப்பட்டறை கழிவுக்கு கரி கணக்கு போடாதீங்க. அதுல இருக்கற மத்த ஆர்கானிக் சமாச்சாரமும் அதே இடத்துக்கு அடிச்சுக்கும், அந்தத் தண்ணிலயே திரும்ப ஸ்டெப் 1ல இருந்து.