ஃபோர்க்லிஃப்டுக்கு எந்த எரிசக்தி: இரண்டு கணக்குகளைத் தனித்தனியே போட்டு முடிவெடுப்பது எப்படி

கிடங்குகளில் சுமை தூக்கி அடுக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டிகளில் டீசலைக் கழித்துவிட்டு பேட்டரிக்கு மாறலாமா, எல்பிஜியே போதுமா, ஹைட்ரஜன் வரும்வரை பொறுத்திருக்கலாமா என்று விசாரிப்பவர்கள் தாம் ஒரே ஒரு கேள்வியைக் கேட்பதாகவே எண்ணுகிறார்கள். அதற்குள் இரண்டு கேள்விகள் கலந்திருக்கின்றன. வண்டிக்குப் பக்கத்தில் நின்று வேலை செய்பவர் எதைச் சுவாசிக்கிறார் என்பது ஒன்று. அந்த வண்டி ஓடுவதற்காக, வண்டியிலோ தொலைவில் உள்ள மின் நிலையத்திலோ, எவ்வளவு கரியமில வாயு வெளியாகிறது என்பது மற்றொன்று. ஒன்றுக்குக் கிடைத்த பதிலை மற்றொன்றின் மீது ஏற்றிவிடுவதால்தான் இந்த விவாதம் இவ்வளவு குழம்பிக் கிடக்கிறது. ஆகவே இரண்டையும் தனித்தனியாகக் கணக்கிட்டு, பிறகு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

கணக்குக்கு முன்னால் தகவல் வேண்டும். இரண்டு வாரங்களுக்கு ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு தாளை ஒதுக்குங்கள். ஷிப்ட் தொடங்கும்போதும் முடியும்போதும், வண்டி ஓடிய மணிகளை எண்ணும் ஹவர் மீட்டர் காட்டும் எண், நிரப்பிய எரிபொருளின் அளவு, தூக்கிய சுமைகளில் மிகக் கனமானது, ஏற்றிய உயரம், சரிவுப் பாதையில் ஏறுகிறதா, கூரைக்குக் கீழே எத்தனை மணி நேரம் ஓடுகிறது ஆகியவற்றை அதில் குறியுங்கள். வண்டி எங்கே, எவ்வளவு நேரம் சும்மா நிற்கிறது என்பதையும் மறக்காமல் எழுதுங்கள், ஏனெனில் பின்னால் சார்ஜரை எங்கே வைப்பது என்பதை அந்த ஒரு பத்தியே சொல்லிவிடும். இன்ஜின் ஓடியபடி நின்றாலும் ஹவர் மீட்டர் நகரும் என்பதால், பதிவான மணிகளில் வேலை நடந்தவை எவை என்று ஓட்டுநரிடமே கேட்டறிவது நல்லது. காத்திருக்கும் நேரத்தில் இன்ஜினை அணைக்கும் பழக்கத்தை முதலில் கொண்டுவந்துவிட்டு அதன் பிறகு அளந்தால், நீங்கள் வாங்கவேண்டிய பேட்டரியின் அளவே குறையக்கூடும்.

இப்போது முதல் கணக்கு, அதாவது சுவாசக் கணக்கு. கப்பல் கன்டெய்னர் ஒன்றில் பெட்டிகளை அடுக்கும் வேலையை நினைத்துப் பாருங்கள். மூன்று பக்கமும் இரும்புச் சுவர், காற்றுக்கு ஒரே வாய். எல்பிஜி வண்டி உள்ளே போய்ச் சுமையை இறக்கிவிட்டுப் பின்வாங்குகிறது. அடுத்த நடைக்குத் திரும்புவதற்குள் முந்தைய நடையின் புகை முழுவதும் வெளியேறியிருக்காது. டீசலைப் போலக் கரும்புகை தெரிவதில்லை, நெடியும் குறைவு. ஆனால் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமோ மணமோ கிடையாது. ஏர் ஃபில்டர் அடைத்திருந்தாலோ, எரிவாயுவும் காற்றும் கலக்கும் விகிதம் பிசகியிருந்தாலோ அதன் அளவு பல மடங்கு உயரும். உள்ளே நிற்பவருக்குத் தலைவலியும் குமட்டலும் வந்த பிறகும், அதை அலுப்பு என்றே நினைத்துக்கொள்வார். அமெரிக்காவின் பணியிடப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ், இந்த வாயுவுக்கு வேலைநாளின் சராசரியாக 35 பிபிஎம் (காற்றின் பத்து லட்சம் பங்கில் 35 பங்கு) அளவையும், எந்த நேரத்திலும் தாண்டக்கூடாத உச்சமாக 200 பிபிஎம் அளவையும் பரிந்துரைக்கிறது. உட்புறத்தில் எல்பிஜி வண்டி ஓடும் இடத்தில் இதற்கான அளவி கட்டாயம் இருக்க வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. டீசல் புகையைப் பொறுத்தவரை, உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012ஆம் ஆண்டிலேயே அதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதல் பிரிவில் சேர்த்துவிட்டது.

எனவே நாளின் பெரும்பகுதி கூரைக்குக் கீழே ஓடும் வண்டி என்றால் இந்தக் கணக்கிலேயே முடிவு கிடைத்துவிடுகிறது: அங்கே எரிப்பே கூடாது, மின்சாரம்தான் வேண்டும். தாவர எண்ணெயிலிருந்து தயாரான டீசல் என்பதற்காக அது மூடிய கிடங்குக்கு ஏற்றதாகிவிடாது, அதன் இன்ஜினிலிருந்து வருவதும் புகைதான்.

இரண்டாவது கணக்குக்கு ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். இங்கு வரும் நுகர்வு எண்கள் முறையைக் காட்டுவதற்கு மட்டுமே. அவற்றின் இடத்தில் உங்கள் தாளில் உள்ள எண்களை வைத்துக்கொள்ளுங்கள். நடுத்தர அளவிலான டீசல் வண்டி ஒன்று மணிக்கு 3 லிட்டர் குடிக்கிறது என்று வைப்போம். ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் ஏறக்குறைய 2.7 கிலோ கரியமில வாயு வருவதால், மணிக்கு 8 கிலோ. அதே வேலையைச் செய்யும் எல்பிஜி வண்டி மணிக்கு இரண்டரை கிலோ எரிவாயுவை எரித்தால், கிலோவுக்கு 3 கிலோ வீதம் 7.5 கிலோ வருகிறது. எல்பிஜி தூய்மையான எரிபொருள் என்ற பெயர் புகைக்கரி குறைவாக வருவதால் கிடைத்தது, கரியமில வாயுவில் இரண்டுக்கும் உள்ள இடைவெளி இவ்வளவுதான்.

பேட்டரி வண்டி இதே வேலைக்கு மணிக்கு 7 யூனிட் செலவழிப்பதாகக் கொண்டால், சார்ஜ் செய்வதில் வீணாவதையும் சேர்த்து, ஈய அமில பேட்டரிக்குச் சுவரிலிருந்து சுமார் 10 யூனிட்டும் லித்தியத்துக்குச் சுமார் 8 யூனிட்டும் ஆகும். அடுத்து, உங்களுக்கு வரும் மின்சாரத்தில் ஒரு யூனிட்டுக்கு எத்தனை கிலோ கரியமில வாயு என்ற எண்ணைப் பெருக்க வேண்டும். அது 0.7 என்றால் முறையே 7 கிலோவும் 5.6 கிலோவும் வரும். நீர், காற்று, சூரியன், அணு ஆகியவற்றால் 0.1க்குக் கீழே இறங்கியிருந்தால் ஒரு கிலோவைக்கூடத் தாண்டாது. முழுக்க நிலக்கரியை நம்பிய மின்சாரத்தில் ஈய அமில பேட்டரி வண்டி டீசலை முந்தாமலும் போகலாம். ஆனால் மின் கட்டமைப்பு ஆண்டுக்கு ஆண்டு தூய்மையாகும் இடத்தில் இன்று வாங்கிய பேட்டரி வண்டியின் கணக்கும் கூடவே இறங்கிக்கொண்டு வரும், டீசல் வண்டிக்கு அந்த வாய்ப்பு இல்லை.

ஹைட்ரஜனை இதே தராசில் வைத்தால் படம் மாறுகிறது. ஹைட்ரஜனை வண்டியிலேயே மின்சாரமாக மாற்றும் எரிபொருள் கலம், அதிலுள்ள ஆற்றலில் பாதியை மின்சாரமாக்குவதாகக் கொண்டால், 7 யூனிட் வேலைக்குச் சுமார் 0.42 கிலோ ஹைட்ரஜன் தேவை. நீரை மின்னாற்பகுத்து ஒரு கிலோ எடுத்து அழுத்தி நிரப்ப 55 யூனிட் அளவுக்குச் செலவாகும் என்பதால், சுவரிலிருந்து எடுப்பது 23 யூனிட், அதாவது லித்தியத்தைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கு. யூனிட்டுக்கு 0.7 என்ற மின்சாரத்தில் இது மணிக்கு 16 கிலோவாகி, டீசலைப் போல இரு மடங்காகிறது. இன்று பரவலாகச் செய்வதுபோல இயற்கை எரிவாயுவிலிருந்து எடுத்தால் கிலோவுக்கு 9 முதல் 10 கிலோ வீதம் மணிக்குச் சுமார் 4 கிலோ. அதை அழுத்தவும் கொண்டுவரவும் செலவாகும் எரிசக்தியால் வருவது தனி. வண்டியிலிருந்து நீராவி மட்டுமே வருகிறது என்பது முதல் கணக்குக்கு முழு மதிப்பெண் வாங்கித் தரும், இரண்டாவது கணக்குக்கு ஹைட்ரஜன் எங்கே பிறந்தது என்ற சான்று வேண்டும். சில நிமிடங்களில் நிரப்பிவிடலாம் என்ற ஒரே காரணத்துக்காக, நூற்றுக்கணக்கான வண்டிகள் மூன்று ஷிப்டும் ஓயாமல் ஓடும் பெரிய கிடங்குகளுக்கு இது பொருந்துகிறது. பத்து வண்டி உள்ளவர் இதற்காகக் காத்திருப்பதில் பொருளில்லை.

திறந்த வெளியில் கல்லும் சேறும் மிதித்துக் கனமான சுமை தூக்கும் வண்டிகள் மிஞ்சும். அவற்றுக்கு எச்விஓ எனப்படும் ஹைட்ரஜனேற்றிய தாவர எண்ணெய் டீசல் நேர்மையான இடைக்கால வழி. இன்ஜின் தயாரிப்பாளர் அனுமதித்திருந்தால் பழைய டாங்கியிலேயே ஊற்றிக்கொள்ளலாம். கழிவு எண்ணெயிலிருந்து வந்ததா, காட்டை அழித்து நட்ட பனை எண்ணெயிலிருந்து வந்ததா என்பதைப் பொறுத்து அதன் நன்மை தலைகீழாகும், ஆகவே மூலப்பொருள் சான்றைக் கேட்காமல் வாங்காதீர்கள். சாதாரண பயோடீசல் வேறு பொருள். அது ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பர் குழாய்களைக் கெடுக்கும், வாரக்கணக்கில் நிற்கும் வண்டிக்கு ஆகாது.

பேட்டரி என்று முடிவானால், ஈய அமிலமா லித்தியமா என்பதை ஷிப்டுகளின் எண்ணிக்கை சொல்லும். ஈய அமிலம் எட்டு மணி நேரம் உழைத்து, எட்டு மணி நேரம் சார்ஜ் ஏறி, எட்டு மணி நேரம் ஆறவேண்டியது. ஒரே ஷிப்ட் என்றால் அது இன்றும் சிக்கனமான தேர்வுதான், ஆனால் பராமரிக்க ஒருவர் பொறுப்பில் இருந்தால் மட்டுமே. காய்ச்சி வடித்த நீரைச் சார்ஜ் முடிந்த பிறகுதான் ஊற்ற வேண்டும். முன்னதாக விளிம்பு வரை ஊற்றினால், சார்ஜ் ஏறும்போது திரவம் விரிந்து மூடி வழியே அமிலமாக வழிந்து, தட்டையும் கேபிளையும் அரிக்கும். தகடுகள் வெளியே தெரிந்தால் மட்டும், அவை மூழ்கும் அளவுக்கு முதலில் ஊற்றிவிட்டு மீதியைப் பிறகு ஊற்றலாம். சார்ஜின்போது ஹைட்ரஜன் வெளியேறுவதாலும், காற்றில் அது 4 சதவீதத்தை எட்டினாலே தீப்பிடிக்கும் என்பதாலும், அந்த அறைக்குக் கூரையருகே காற்றோட்டம் அவசியம். இரண்டு மூன்று ஷிப்டுகள் ஓடுமிடத்தில் இடைவேளைதோறும் சார்ஜ் ஏற்றிக்கொள்ளும் லித்தியமே பொருந்தும். குளிர்பதனக் கிடங்கானால் சூடேற்றும் கருவி பொருத்திய பேட்டரியைக் கேளுங்கள், ஏனெனில் உறைநிலைக்குக் கீழே சார்ஜ் செய்தால் லித்தியம் செல்கள் நிரந்தரமாகப் பழுதாகும்.

பழைய வண்டியில் ஈயத்தை எடுத்துவிட்டு லித்தியத்தைப் பொருத்துபவர்கள் ஒன்றைத் தவறவே விடக்கூடாது. முன்னால் தூக்கும் சுமைக்குப் பின்னால் ஈடுகொடுப்பதில் பேட்டரியின் எடைக்கும் பங்கு உண்டு. வண்டியின் பெயர்ப்பலகையில் குறைந்தபட்ச பேட்டரி எடை பொறித்திருக்கும். புதிய பேட்டரி அதைவிட இலேசாக இருந்தால், தயாரிப்பாளரின் ஒப்புதலோடு எடைக்கட்டைகளைச் சேர்க்காமல் வண்டியை வெளியே எடுக்கக் கூடாது.

பணம் கட்டுவதற்கு முன் ஒரு வண்டியை வாடகைக்கு எடுத்து, உங்கள் இடத்தில், உங்கள் ஓட்டுநரை வைத்து, மிகக் கடினமான ஷிப்டில் இரண்டு வாரம் ஓட்டுங்கள். விளம்பரத் தாளில் உள்ள நுகர்வு எண் ஒரே மாதிரியான சோதனை ஓட்டத்தில் எடுத்தது. அது பேட்டரியில் அளந்ததா சுவரில் அளந்ததா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். சார்ஜருக்கு முன்னால் தனி மின் அளவி பொருத்தி, அது காட்டும் யூனிட்டை மேலே போட்ட கணக்கில் வையுங்கள். 10 கிலோவாட் சார்ஜர்கள் பத்து, ஷிப்ட் முடிந்தவுடன் ஒரே நேரத்தில் இயங்கினால் 100 கிலோவாட் இழுக்கும் என்பதால், உங்கள் மின் இணைப்பு அதைத் தாங்குமா, இல்லையென்றால் சார்ஜர்களை முறைவைத்து இயக்க முடியுமா என்பதை மின்பொறியாளரிடம் கேட்டு எழுத்தில் வாங்கிய பிறகே ஆர்டர் கொடுங்கள்.