பிரிவுக்குப் பின் குழந்தையுடன் ஊர் திரும்ப நினைக்கும் வேலூர்க்காரர்களுக்கு

வேலூர், ஆற்காடு, குடியாத்தம் பக்கத்திலிருந்து கனடாவுக்கு வந்த இடத்தில் கணவன் மனைவிக்குள் பிரிவு நேர்ந்துவிட்டால், குழந்தையைக் கூட்டிக்கொண்டு தாய்வீட்டுக்குப் போய்விடலாம் என்றுதான் முதலில் தோன்றும். ஊரிலிருப்பவர்களும் "நீ கிளம்பி வா, மற்றதைப் பிறகு பேசிக்கொள்ளலாம்" என்பார்கள். அவர்கள் அன்பினால்தான் சொல்கிறார்கள். ஆனாலும் குழந்தையின் மற்றொரு பெற்றோரின் எழுத்துப்பூர்வமான சம்மதமோ நீதிமன்ற உத்தரவோ இல்லாமல் விமானம் ஏறாதீர்கள். பெற்ற தாயோ தந்தையோ ஆனாலும், அது கனடாவின் குற்றவியல் சட்டப்படி குழந்தைக் கடத்தலாகக் கருதப்படலாம்.

2021 மார்ச் 1 முதல் நடைமுறையிலுள்ள விவாகரத்துச் சட்டத் திருத்தத்தின்படி, குழந்தை யாரிடம் எவ்வளவு நேரம் இருக்கும் என்று நீதிமன்றம் தரும் குழந்தை வளர்ப்பு உத்தரவைப் பெற்றவர் இடம்பெயர விரும்பினால் குறைந்தது 60 நாட்களுக்கு முன் உரிய படிவத்தில் அறிவிக்க வேண்டும். கிடைத்த 30 நாட்களுக்குள் மற்றவர் ஆட்சேபிக்கலாம். குடும்ப வன்முறைக்கு ஆளானவர்கள் இந்த அறிவிப்பிலிருந்து விலக்குக் கேட்டு நீதிமன்றத்தை அணுகலாம்.

புறப்படும் தேதி, புதிய முகவரி ஆகியவற்றோடு, மற்றவர் இனிக் குழந்தையோடு எப்படி நேரம் செலவிடுவார் என்ற ஏற்பாட்டையும் அந்த அறிவிப்பில் எழுத வேண்டும். பலர் கோட்டைவிடுவது இங்கேதான். "லீவுக்கு வந்து பார்க்கலாம்" என்று ஒரே வரியில் முடித்துவிடாதீர்கள். காட்பாடியில் தாத்தா வீட்டில் தங்கும் வசதி என்ன, எந்தப் பள்ளி, பயணச் செலவு யாருடையது என்பதையெல்லாம் விரித்து எழுதுங்கள். டொராண்டோவில் கோடைக்காலக் காலை ஏழரை மணி, நம் ஊரில் மாலை ஐந்து. பள்ளிவிட்டு வந்த பிள்ளை அப்பாவோடு வீடியோவில் பேச அது தோதான நேரம் என்பது வரை குறிப்பிடுங்கள். குழந்தையின் நலனை எடைபோடும் நீதிபதி, இந்த ஏற்பாடு நியாயமானதா என்றும் பார்ப்பார். குழந்தை இருவரிடமும் ஏறத்தாழச் சமமான நேரம் வளர்கிறதென்றால், இடம்பெயர்வது அதற்கு நல்லது என்று நிரூபிக்க வேண்டியவர் நீங்களே.

வேறு நாட்டுக்கு முறைகேடாகக் கொண்டுபோன குழந்தையைத் திருப்பி அனுப்புவதற்கான 1980ஆம் ஆண்டின் ஹேக் ஒப்பந்தத்தில் இந்தியா சேரவில்லை என்பது உண்மை. அதை வைத்து, ஊர் போய்ச் சேர்ந்துவிட்டால் பிறகு யாரும் கேட்க முடியாது என்று சொல்பவர்களை நம்பாதீர்கள். வெளிநாட்டு நீதிமன்ற உத்தரவை ஓர் அம்சமாக மட்டுமே கொண்டு, குழந்தையின் நலனையே முதன்மையாகப் பார்க்க வேண்டும் என்று 2017இல் சொன்ன இந்திய உச்ச நீதிமன்றமே, 2019இல் வேறொரு வழக்கில் பிள்ளைகளை அமெரிக்காவுக்குத் திருப்பி அனுப்பச் சொன்னது.

இரு வீட்டுப் பெரியவர்களும் உட்கார்ந்து பேசி எழுதி வாங்கிய காகிதத்தை மட்டும் நம்பியும் புறப்படாதீர்கள். இருவருக்கும் உடன்பாடு இருந்தால், அதையே வழக்கறிஞர் மூலம் இங்குள்ள நீதிமன்றத்தில் சம்மத உத்தரவாகப் பெற்றுக்கொண்டு, அதன் பிறகு பயணச்சீட்டு எடுங்கள்.