பழைய டீசல் சொகுசு எஸ்யூவி: 2 லிட்டரா, 3 லிட்டரா?

சேலத்துக்குள் ஓட்ட 2 லிட்டர் இன்ஜின் தாராளம். ஆனால் வாரக்கடைசியில் குடும்பத்தோடும் மூட்டை முடிச்சோடும் ஏற்காடு ஏறுகிறவர் என்றால் கதை வேறு. அடிவாரம் தாண்டினால் 20 கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொன்றிலும் கிட்டத்தட்ட நின்று மறுபடி கிளம்ப வேண்டும், அங்கே குதிரைசக்தியை விட டார்க்தான் (சக்கரத்தைச் சுழற்றும் இழுவிசை) பேசும். பிஎம்டபிள்யூ எக்ஸ்3 20டி 1995 சிசி, 400 நியூட்டன் மீட்டர். எக்ஸ்5 30டி 2993 சிசி, 560. வித்தியாசம் மூன்றாவது வளைவிலேயே தெரிந்துவிடும். ஆனால் பெரிய இன்ஜினுக்கு இன்சூரன்ஸ், டயர், ஆயில் எல்லாமே கூடுதல், அதைச் சொல்லாமல் விற்பார்கள்.

வண்டி பார்க்கப் போகும்போது, "அண்ணா, நான் வரும்வரை ஸ்டார்ட் பண்ணாதீங்க" என்று சொல்லி வையுங்கள். போனதும் பானெட்டில் கை வையுங்கள், சூடாக இருந்தால் சந்தேகப்படுங்கள், குளிர்ந்த இன்ஜினில் தெரியும் கோளாறை மறைக்க முன்பே ஓட விட்டிருக்கலாம். ஏர் சஸ்பென்ஷன் (காற்றுப் பைகள் வண்டியைத் தாங்கும் அமைப்பு) இருந்தால் ராத்திரி நிறுத்திய வண்டியைக் காலையில் பாருங்கள், ஒரு மூலை மட்டும் உட்கார்ந்திருந்தால் பெரிய செலவு காத்திருக்கிறது.

அப்புறம், மலையேற்றிப் பார்க்காமல் அட்வான்ஸ் தராதீர்கள். இறங்கும்போது பிரேக் பிடித்தால் ஸ்டீயரிங் நடுங்குகிறதா என்றும் கவனியுங்கள்.

டெல்லி வண்டி மலிவாகக் கிடைக்கும், அங்கே 10 வருடம் தாண்டிய டீசல் வண்டிக்கு 2015-ல் தடை வந்தது அதற்கு ஒரு காரணம். என்ஓசி (அந்த ஊர் ஆர்டிஓ தரும் தடையில்லாச் சான்று) கையில் வாங்காமல், இங்கே கட்டவேண்டிய வரியைக் கணக்கிடாமல் விலை பேசாதீர்கள்.

பிஎஸ்6 (புதிய புகை விதிப்படி வந்த) வண்டியைச் சேலத்துக்குள்ளேயே அஸ்தம்பட்டிக்கும் கடைவீதிக்கும் மட்டும் உருட்டினால் டிபிஎஃப், அதாவது புகைக்கரியைப் பிடிக்கும் ஃபில்டர், அடைத்துக்கொள்ளும். அவ்வப்போது தர்மபுரி வரை நெடுஞ்சாலையில் ஒரு ஓட்டு ஓட்டுங்கள்.